பண அளிப்பு ஜிடிபியைப் போல் இரண்டு மடங்கு: வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: நாடுகளை ஒப்பிடும் ஓர் அட்டவணை கண்ணில் பட்டது. 'பரந்த பணம், ஜிடிபியில் சதவீதமாக' என்று தலைப்பு. சீனாவுக்கு 200-ஐத் தாண்டி ஓர் எண், அமெரிக்காவுக்கு 70-களில், அர்ஜென்டினாவுக்கு 30-க்கும் கீழே. எண் அதிகமாக இருக்கும் நாடுகள் நோட்டு அடித்துத் தள்ளுகின்றன, அங்கே பணம் ஒருநாள் செல்லாக்காசாகிவிடும் என்கிறார் நண்பர். என் நாட்டிலும் அந்த எண் ஏறிக்கொண்டுதான் வருகிறது. என் சேமிப்பில் பெரும்பகுதி வங்கி டெபாசிட்டில் இருக்கிறது. எடுத்து வேறெதிலாவது போட்டுவிடலாமா?

பதில்: இந்த ஓர் எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டாம். உங்கள் நண்பருக்கான பதில் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. 30-க்கும் கீழே உள்ள அர்ஜென்டினாவில் 2023-ஆம் ஆண்டு பணவீக்கம் 211 சதவீதம். 200-ஐத் தாண்டிய சீனாவில் அதே ஆண்டு விலைவாசி ஏறியது 0.2 சதவீதம். ஜப்பானும் 200-ஐத் தாண்டிய நாடுதான். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக, விலை ஏற மாட்டேன் என்கிறதே என்றுதான் மத்திய வங்கி கவலைப்பட்டது. நண்பர் சொல்வது சரியென்றால் இதெல்லாம் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அவர் தடுமாறும் இடம் 'பணம்' என்ற சொல். பணம் என்றதும் நோட்டுக்கட்டு நினைவுக்கு வருகிறது, நோட்டுக்கட்டு என்றதும் அச்சகம். அட்டவணையில் உள்ள பரந்த பணத்தில் நோட்டும் நாணயமும் ஒரு சிறு பங்குதான். மிச்சமெல்லாம் மக்களும் நிறுவனங்களும் வங்கியில் வைத்திருக்கும் தொகை: நடப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, ஃபிக்சட் டெபாசிட். பிரிட்டனின் மத்திய வங்கி 2014-இல் தன் நாட்டுக் கணக்கை எழுதியபோது, பரந்த பணத்தில் 97 சதவீதம் வங்கி டெபாசிட் என்றது. ஆக, 'அடித்துத் தள்ளிய பணம்' என்று நண்பர் சொல்லும்போது உங்கள் டெபாசிட் ரசீதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

இன்னொரு சிக்கல், வகுக்கப்படும் இரண்டும் ஒரே மாதிரியான அளவுகள் இல்லை. ஜிடிபி ஓர் ஆண்டு முழுக்க நடந்த உற்பத்தியின் மதிப்பு. பண அளிப்பு, அதாவது அந்தப் பரந்த பணம், ஒரு குறிப்பிட்ட நாளில் கணக்குகளில் நிற்கும் இருப்பு. ஏரியில் இன்று நிற்கும் தண்ணீரை, ஆற்றில் ஓராண்டில் ஓடிய தண்ணீரால் வகுக்கிற மாதிரி. ஏரி பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஊருக்குள் வெள்ளம் வரும் என்று சொல்ல முடியாது. கரை எப்படி இருக்கிறது, மதகைத் திறந்தது யார் என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

அதனால் நான் இதைச் சதவீதமாகப் படிப்பதே இல்லை, மாதமாக மாற்றிக்கொள்வேன். சீனாவின் எம்2 (பரந்த பணத்தை அளக்கும் கணக்குக்கு வைத்த பெயர்) 2024 முடிவில் சுமார் 313 லட்சம் கோடி யுவான். அந்த ஆண்டின் ஜிடிபி சுமார் 135 லட்சம் கோடி. வகுத்தால் 2.3, பன்னிரண்டால் பெருக்கினால் 28. அதாவது 28 மாத நாட்டு வருமானத்துக்குச் சமமான தொகையைச் சீனர்கள் வங்கிப் பணமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அதே சமயம் எம்2 சுமார் 21.5 லட்சம் கோடி டாலர், ஜிடிபி 29 லட்சம் கோடியைச் சற்றுத் தாண்டியது: கிட்டத்தட்ட 9 மாதம். அர்ஜென்டினா 30 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு மாதம்கூடத் தேறவில்லை.

இப்படி மாதமாகப் பார்த்ததும் கேள்வியே மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? 'இவ்வளவு பணத்தை யார் அடித்தது?' என்பது போய், 'இவ்வளவு பணத்தை வங்கியில் வைத்திருக்க மக்கள் ஏன் சம்மதிக்கிறார்கள்?' என்று ஆகிறது. அர்ஜென்டினாவில் அந்தச் சம்மதம் இல்லை. 2001 டிசம்பரில் அங்கே வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். அடுத்த சில வாரங்களில் டாலர் டெபாசிட்டுகளைக் கட்டாயமாக பெசோவாக மாற்றினார்கள். அப்புறம் யார் பெசோவை வங்கியில் வைப்பார்கள்? சேமிப்பை டாலராக மாற்றி வீட்டிலும் லாக்கரிலும் வைத்துக்கொள்கிறார்கள். 'மெத்தைக்கு அடியில் இருக்கும் டாலர்' என்றே அங்கே சொல்வழக்கு உண்டு. அந்த டாலர் நோட்டுகள் உள்நாட்டுப் பண அளிப்புக் கணக்கில் வராது, விகிதம் குறைவாகவே நிற்கும். உங்கள் நண்பரின் அட்டவணையில் அர்ஜென்டினா ஒழுக்கமான நாடு மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம்.

(பொருளாதாரப் பாடத்தில் 'பணத்தின் சுழற்சி வேகம்' என்று படித்திருப்பீர்கள். பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1911-இல் பிரபலமாக்கிய சமன்பாட்டில் வருவது. ஜிடிபியைப் பண அளிப்பால் வகுத்தால் அந்த வேகம், நம் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டது. புதிதாக ஒன்றுமில்லை.)

சரி, இந்த டெபாசிட்டெல்லாம் முதலில் எங்கிருந்து வருகிறது? இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒருவர் பழைய வீடு ஒன்றை 50 லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். கையில் 10 லட்சம், வங்கிக் கடன் 40 லட்சம். கடனை அனுமதிக்கும் நாளில் வங்கி எந்தப் பெட்டகத்திலிருந்தும் 40 லட்சத்தை எடுத்துத் தருவதில்லை. தன் புத்தகத்தில் இரண்டு பதிவு போடுகிறது. சொத்துப் பக்கத்தில் 'வர வேண்டிய கடன் 40 லட்சம்', பொறுப்புப் பக்கத்தில் 'வாடிக்கையாளர் கணக்கில் இருப்பு 40 லட்சம்'. அந்த நொடியில் நாட்டின் பண அளிப்பு 40 லட்சம் கூடிவிட்டது. பத்திரம் பதிவானதும் அந்த இருப்பு வீட்டை விற்றவரின் கணக்குக்குப் போகிறது. அது வேறு வங்கியாக இருந்தாலும் நாட்டின் மொத்தத்தில் மாற்றமில்லை. விற்றவர் வயதானவர், தொகையை அப்படியே ஐந்தாண்டு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிடுகிறார்.

இப்போது ஜிடிபிக்கு என்ன நடந்தது? ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். வீடு என்றோ கட்டியது. அது கட்டிய ஆண்டின் ஜிடிபியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இந்த ஆண்டு கணக்கில் வருவது தரகுக் கூலி, பத்திரம் எழுதிய கூலி போன்ற சில்லறைகள்தான். விகிதத்தின் மேல் பகுதியில் 40 லட்சம் ஏறியது, கீழே கிட்டத்தட்ட எதுவும் ஏறவில்லை. கடைச் சாமான் விலையும் ஏறாது, ஏனென்றால் பெரியவர் அந்தப் பணத்தைச் செலவு செய்யவில்லை. ஏறுவது வீட்டு விலையாக இருக்கலாம். கடன் வாங்கியவர் மாதத் தவணை கட்டக் கட்ட, அசல் அளவுக்குப் பண அளிப்பு கரையும். ஆனால் பழைய கடன் கரைவதைவிட வேகமாகப் புதுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தால் மொத்தம் ஏறிக்கொண்டேதான் போகும்.

அதே 40 லட்சம் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்கப் போயிருந்தால், உற்பத்தியும் சேர்ந்து ஏறியிருக்கும், விகிதம் பெரிதாக அசைந்திருக்காது. எனவே விகிதம் ஏறும் நாட்டில் முதலில் கேட்க வேண்டியது, கடன் எதற்குப் போகிறது என்பது. வீடு, மனை கைமாறுவதற்கே கடன் குவிகிறது என்றால், காய்கறி விலையைவிடச் சொத்து விலையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இடைவெளியும் இதிலிருந்து ஓரளவு விளங்கிவிடும். சீனாவில் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில் ஓடுகின்றன. கடன் கொடுத்தால் டெபாசிட் பிறக்கும். குடும்பங்கள் வருமானத்தில் பெரும்பங்கைச் சேமிக்கின்றன, அதுவும் வங்கியிலேயே தங்குகிறது. அமெரிக்காவில் பெரிய நிறுவனம் பணம் தேவைப்பட்டால் கடன் பத்திரம் வெளியிடும். பத்திரத்தைப் பொதுமக்களோ ஓய்வூதிய நிதியோ வாங்கினால், ஏற்கெனவே இருக்கும் பணம் கைமாறுகிறதே தவிர புதுப் பணம் உருவாவதில்லை. வீட்டுக் கடன்களைக்கூட வங்கி மூட்டை கட்டி நிதி நிறுவனங்களிடம் விற்றுவிடுகிறது. விற்கும்போது அவை தரும் பணம் வங்கிக்குள் வந்து மறைந்துவிடும். அமெரிக்கரின் சேமிப்பு பங்கு, பரஸ்பர நிதி, ஓய்வூதியக் கணக்கு என்று எம்2-க்கு வெளியே கிடக்கிறது. அவர்களிடம் செல்வம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஹாங்காங்கின் விகிதம் 400 சதவீதத்துக்கும் மேல். உலகம் முழுவதிலுமிருந்து டெபாசிட் வந்து குவியும் நிதி மையம் அது, ஜிடிபியோ ஒரு நகரத்தினுடையது. வேறு மர்மம் இல்லை.

போதாக்குறைக்கு, 'எம்2' என்ற பெயர் மட்டும்தான் பொது. உள்ளே இருக்கும் சரக்கு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க எம்2-இல் 1 லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள குறித்த கால டெபாசிட்டுகள் சேராது. சீன எம்2-இல் பெரிய டெபாசிட்டும் சேரும். ஒரே நாட்டுக்குள்ளும் வரையறை மாறும். 2020 மே மாதம் அமெரிக்காவில் சேமிப்புக் கணக்குகளை எம்1-க்குள் (உடனே செலவழிக்கக்கூடிய பணத்தை எண்ணும் குறுகிய அளவு) கொண்டுவந்தார்கள். எம்1 சுமார் 5 லட்சம் கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 16 லட்சம் கோடியானது. நோட்டு அச்சகத்துக்கும் அந்தத் தாவலுக்கும் சம்பந்தமே இல்லை. ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்கு மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த வரைபடத்தைக் காட்டிப் பயமுறுத்தும் காணொளிகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் நண்பரின் செய்தி மூலத்தில் அது இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் இந்த விகிதத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் அளவைப் பார்த்தால் தெரியாது, அசைவைப் பார்க்க வேண்டும், அதுவும் மேலும் கீழும் தனித்தனியாக.

2020-இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல பாடம். பெருந்தொற்றுக்கு முன்னால் விகிதம் 71 சதவீதத்தை ஒட்டி. அந்த ஆண்டு இரண்டாம் காலாண்டில் 90-ஐத் தொட்டது. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது: அரசு மக்கள் கணக்கில் நேரடியாகப் பணம் போட்டது, மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது, அதனால் எம்2 ஏறியது; மறுபக்கம் ஊரடங்கில் உற்பத்தி படுத்தது, ஜிடிபி இறங்கியது. 2022 வசந்த காலத்துக்குள் எம்2 சுமார் 15.5 லட்சம் கோடியிலிருந்து 21.7 லட்சம் கோடி ஆகியிருந்தது. அந்த ஜூன் மாதம் பணவீக்கம் 9.1 சதவீதம். இந்த இடத்தில் உங்கள் நண்பருக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம். பொருள் வரத்து முடங்கிய சமயத்தில், மக்கள் கைக்கே போய்ச் சேர்ந்த பணம், அவ்வளவு வேகத்தில் ஏறினால் விலை ஏறும்.

எனக்குச் சுவாரசியமானது அதற்கப்புறம் நடந்ததுதான். 2024 முடிவில் விகிதம் மறுபடி 74-க்கு வந்துவிட்டது. பணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்களா? அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. எம்2 நடுவில் கொஞ்சம் இறங்கி மறுபடி 21.5 லட்சம் கோடிக்கு வந்து நின்றது. ஏறியது கீழே உள்ள ஜிடிபி. அந்த ஏற்றத்தில் உற்பத்தியும் உண்டு, விலைவாசியும் உண்டு, ஏனென்றால் இந்தக் கணக்கில் ஜிடிபியை நடப்பு விலையில்தான் எடுப்பார்கள். ஆக, விகிதம் குறைந்ததில் ஒரு பங்கு, மக்கள் கூடுதல் விலை கொடுத்த கதை. 'விகிதம் குறைந்துவிட்டது, நிலைமை சீராகிவிட்டது' என்று யாராவது எழுதினால், பணம் குறைந்ததா அல்லது விலை ஏறியதா என்று கேளுங்கள்.

இதன் உச்சத்தை 1923 ஜெர்மனியில் பார்க்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்கள் மத்திய வங்கிக்காக இரவும் பகலும் நோட்டு அடித்தன. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். விகிதம் விண்ணைத் தொட்டிருக்கும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. சம்பளம் கையில் வந்ததும் கடைக்கு ஓடினார்கள், மார்க்கை ஒரு இரவுகூட வைத்திருக்க ஆள் இல்லை. நோட்டு எண்ணிக்கை ஏறிய வேகத்தைவிட விலை ஏறிய வேகம் அதிகம். நாட்டில் இருந்த மொத்த மார்க்கின் உண்மையான மதிப்பு சுருங்கிப்போனது. ஏழு மிகைப் பணவீக்கங்களை 1956-இல் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஃபிலிப் கேகன் கண்டதும் இதே போக்கைத்தான். உண்மையிலேயே நோட்டு அடித்துத் தள்ளிய நாட்டை உங்கள் அட்டவணையில் தேடினால், அது அடிவரிசையில் இருக்கும்.

எண் அதிகமாக இருப்பதே பாதுகாப்பு என்று இதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. லெபனான் நினைவிருக்கட்டும். 2019-க்கு முன் அங்கே விகிதம் 200 சதவீதத்துக்கும் மேல். 1997-லிருந்து ஒரு டாலருக்கு 1,507.5 பவுண்டு என்று மாற்று விகிதத்தைக் கட்டி வைத்திருந்தார்கள், அதிக வட்டி காட்டி வெளிநாடுவாழ் லெபனானியரின் டாலர்களை வங்கிகள் இழுத்தன. நம்பிக்கை இருந்தது, டெபாசிட்டும் இருந்தது. ஆனால் வங்கிகள் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் அரசுக்கும் மத்திய வங்கிக்குமே கொடுத்திருந்தன. 2019 அக்டோபருக்குப் பின் கவுன்டரில் டாலர் தர மறுத்தார்கள். பவுண்டு கடைசியில் 89,500-க்குப் போனது. 98 சதவீத மதிப்பு காலி. டெபாசிட் குவிந்திருக்கிறது என்பது ஒரு பக்கம்தான், அந்த டெபாசிட்டுக்கு எதிரே யார் கொடுத்த பத்திரம் இருக்கிறது என்பது மறுபக்கம்.

உங்கள் நாட்டுக்கு வருவோம். மத்திய வங்கியின் இணையதளத்தில் மாதாமாதம் பண அளிப்பு அட்டவணை வரும். எல்லோரும் ரொக்கம், டெபாசிட் என்ற மேல் வரிகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கீழே 'மூலங்கள்' என்றோ 'எதிர்ப்பக்கம்' என்றோ ஒரு பகுதி இருக்கும்: அரசுக்குக் கொடுத்த கடன், தனியார் துறைக்குக் கொடுத்த கடன், வெளிநாட்டுச் சொத்து. பத்தாண்டு முன்பு எந்த வரி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். தனியார் கடன் மெதுவாக ஏறி, பணவீக்கமும் அடங்கியிருந்தால், நாட்டில் வங்கிப் பழக்கம் பரவுகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வங்கிக்கு வரும் மக்கள் கூடும் நாடுகளில் விகிதம் ஏறுவது இயல்பு. வெளிநாட்டுச் சொத்து கரைந்துகொண்டே, மத்திய வங்கி அரசுக்குக் கொடுக்கும் கடன் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வீங்கினால், அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

கணக்கை நீங்களே போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. காலாண்டு ஜிடிபியை எடுத்து நேரடியாக வகுத்துவிடாதீர்கள். அமெரிக்கா காலாண்டு எண்ணையே ஆண்டு வேகத்துக்குப் பெருக்கி வெளியிடும். பல நாடுகள் மூன்று மாத உற்பத்தியை அப்படியே தரும். அதைக் கொண்டு வகுத்தால் விகிதம் நாலு மடங்காகத் தெரியும். நானே ஆரம்பத்தில் ஒருமுறை இப்படிப் போட்டு, ஒரு சாதுவான நாட்டை நெருக்கடியின் விளிம்பில் நிறுத்தியிருக்கிறேன். அப்படித் தரும் நாடுகளுக்குக் கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டி வகுத்தால் போதும்.

விகிதத்தை வைத்தே மத்திய வங்கிகள் நாட்டை நடத்திவிடலாமே என்று நினைத்த காலமும் உண்டு. 1970-களில் பல நாடுகள் பண அளிப்பு வளர்ச்சிக்கு இலக்கு வைத்தன. நிதிப் பழக்கங்கள் மாற மாற விகிதம் பிடிகொடுக்காமல் நழுவியது. கனடா 1982-இல் கைவிட்டது. 'நாங்கள் அந்த அளவுகளைக் கைவிடவில்லை, அவைதான் எங்களைக் கைவிட்டன' என்றார் அந்நாட்டு மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் ஜெரால்டு பூயி. அவருக்கே பிடிகொடுக்காத எண்ணை நம்பி நீங்கள் டெபாசிட்டை உடைக்க வேண்டாம்.

உங்கள் டெபாசிட்டுக்கு வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். வரி போக உங்களுக்கு வரும் வட்டி பணவீக்கத்தைவிட அதிகமா? இரண்டு மூன்று ஆண்டுகளாகவே குறைவு என்றால், பத்தாண்டுக்குத் தேவைப்படாத பகுதியை வேறு முதலீட்டுக்கு மாற்ற அதுவே போதுமான காரணம். ஒரே வங்கியில் இருக்கும் தொகை டெபாசிட் காப்பீட்டு வரம்புக்குள் (வங்கி மூழ்கினாலும் திரும்பக் கிடைக்கும் தொகை) அடங்குகிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1 லட்சம் யூரோ, அமெரிக்காவில் 2.5 லட்சம் டாலர், இந்தியாவில் 5 லட்சம் ரூபாய். வட்டியும் இந்த வரம்புக்குள்தான் சேரும், ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் பிரித்துப் போட்டால் தனித்தனியாக எண்ண மாட்டார்கள். மூன்றாவது, ஓராண்டுக்குள் கட்டாயம் தேவைப்படும் பணம் எது? அதை எந்த அட்டவணைக்காகவும் அசைக்காதீர்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி இழப்பு எவ்வளவு என்று வங்கியில் கேட்டு, அதையும் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் முடிவெடுங்கள்.